மருந்தில்லாத மிசி

மிசி வேலையில் ரத்தத்தைப் பார்த்துப் பழகிவிடலாம், சீழைப் பார்த்துப் பழகிவிடலாம், பயந்துபோன முகத்தைப் பார்த்து மட்டும் பழகவே முடியாது. ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியவர்கள் இதைப் படித்ததும் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் பக்கத்தில் நர்ஸைத்தான் மிசி என்போம். ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் கூலாயிலிருந்து கிழக்கே ஆற்றோரமாக இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் மிசி. வயது இருபத்திரண்டு. அந்த வருஷக் கடைசியில் மழை பிடித்து, ஆறு தோட்டத்துக்குள் வந்துவிட்டது. தண்ணீர் எட்டு நாள் நின்றது. அந்த எட்டு நாளிலும் அதற்குப் பிறகும் நடந்தவற்றில் எனக்கு மறக்காமல் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

சிவப்புத் தண்ணீர்

வெள்ளைக்கார டாக்டர் ஜப்பான்காரர்கள் வருவதற்கு முன்பே ஓடிவிட்டார். மிஞ்சியது டிரசர் ஐயாவும் நானும்தான். டிரசர் ஐயா கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். புண்ணுக்குக் கட்டுப்போட்டு, ஊசி போட்டு, பிரசவமும் பார்த்து இருபது வருஷம் பழகியவர். மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா தீர்ந்தது. பஞ்சு தீர்ந்தது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டோம். வெள்ளத்துக்கு முந்தின மாதம் கடைசி டிங்சர் புட்டியையும் கழுவிக் கவிழ்த்தார். "பிள்ளை, அலமாரியில இனி ஒண்டும் இல்லை. வாறவையை இருத்திக் கதை கேளும்" என்றார்.

அப்படிக் கதை சொல்ல வந்தவர்களில் முதல் ஆள் வீராயி. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், ஐந்தாம் லயத்தில் இருந்தவள். அவள் புருஷன் காத்தானைப் பத்து மாதத்துக்கு முன்னால் சயாமில் ரயில் பாதை போட என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மாத வேலை என்றுதான் சொன்னார்கள். அவர் போனதிலிருந்து அவளுக்கு நெஞ்சு படபடப்பு. தினமும் வேலை முடிந்து வருவாள். வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல், செம்பருத்திப் பூவைக் கொதிக்கவைத்து, அந்தச் சிவப்புத் தண்ணீரை ஒரு கிளாஸில் ஊற்றிக் கொடுப்பேன். மருந்து என்று சொல்லித்தான் கொடுப்பேன். குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, படபடப்பு குறைந்து போவாள். ஒரு நாள் எனக்கே பொறுக்கவில்லை. அது என்ன மருந்து என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பூத்தண்ணின்னு தெரியும் மிசி. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிக்கிறீங்கள்ல, அதுக்குத்தான் வர்றேன்."

கரிக்கட்டை

ஆறு ஏறியது ஒரு காலை நேரத்தில். ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு மைதானத்தில் முதலில் கணுக்கால் தண்ணீர்தான். சோறு ஆக்குகிற நேரத்துக்குள் முழங்கால். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் ரங்கசாமி, மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல் அவருக்கு, லயம் லயமாகப் போய்க் கத்தி எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றினார். மேட்டில் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் பெரிய கொட்டகை இருந்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு யாருக்கும் ரப்பர் வேண்டாம், அதனால் அது காலியாகக் கிடந்தது. குழந்தைகள், கோழிகள், மரவள்ளிக்கிழங்கு மூட்டைகள் என்று ஜனம் அதற்குள் போய் அடைந்தது. ஐந்தாம் லயத்து ஆட்களை எண்ணிப் பார்த்ததில் வீராயி இல்லை.

நான் இறங்கிப் போனேன். இடுப்பளவு தண்ணீர், காபி நிறத்தில், கட்டைகளும் செத்த பன்றி ஒன்றும் மிதந்து வந்தன. காலடியில் தரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நடப்பது எப்படி இருக்கும் என்பதை நடந்தவர்களுக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியும். எனக்கு நீச்சல் தெரியாது. வீராயி வீட்டுக்குள் மரக்கட்டில்மேல் நின்றுகொண்டிருந்தாள். வரமாட்டேன் என்றாள். தான் மேட்டுக்குப் போனபிறகு காத்தான் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்தால், தான் செத்துப்போய்விட்டதாக நினைத்துத் திரும்பிப் போய்விடுவார் என்றாள். இந்த வெள்ளத்தில் சயாமிலிருந்து யார் வரமுடியும் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். தெரியும் என்றாள். அடுப்பு மேடையில் நனையாமல் இருந்த கரிக்கட்டையை எடுத்து, 'வீராயி புகைக்கொட்டகையில் இருக்கிறாள்' என்று வாசல் சுவரில் எழுத ஆரம்பித்தேன்.

காத்தான் திரும்பி வரவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். ஆனால் அன்று அது எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் கைக்கு எட்டிய உயரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் இருந்து என் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள்.

"இன்னும் மேல எழுதுங்க மிசி. கீழ எழுதுனா தண்ணிதான் படிக்கும், அவரு படிக்கணும்."

எத்தனை விரல்

கடைசியில் கொட்டகைக்குள் வந்து சேராதவர் ஒருவர்தான், செல்லம்மா என்பவளின் அம்மா. லயத்துக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதன் மேலிருந்த பலகை நானும் வீராயியும் வந்த பிறகு அடித்துக்கொண்டு போய்விட்டது. அதைத் தாண்டும்போது செல்லம்மாவின் புருஷன் முனியாண்டிதான் அந்த அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். பிடி நழுவிவிட்டது. அவர் பிறகு இரண்டு முறை முங்கித் தேடினாராம். அன்றிலிருந்து வலது கையை விரித்துக் காட்டவே மாட்டார், மூடியே வைத்திருப்பார். சாப்பிடுவது இடது கையால். செல்லம்மா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவரைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த நேரத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். யார் கேட்டாலும் "தண்ணி வடியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்தவர்களுக்கு நல்லதைச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆன ஒருத்தி, சன்னல் பக்கம் படுத்திருந்தவள், காலையிலும் நான் அப்படித்தான் சொன்னதாகவும், அப்போது தெரிந்த கிணற்றுச் சுவர் இப்போது தெரியவில்லை என்றும் மெல்லச் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் யாரும் நம்பவில்லை, ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மேடே கரைகிறது என்றார் ஒருவர். முதலை பார்த்தேன் என்றார் இன்னொருவர். பிள்ளைகள் அழ ஆரம்பித்தன.

டிரசர் ஐயா என்னைத் திட்டவில்லை. ஒரு நீளக் கம்பை எடுத்து, பாராங் கத்தியால் விரல் விரலாக வெட்டி அடையாளம் வைத்து, தண்ணீர் ஓரத்தில் நட்டார். பிறகு நேராக முனியாண்டியிடம் போய், இதைப் பார்த்துச் சொல்வது இனி உங்கள் வேலை என்றார். கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது. முனியாண்டி ஏன் தன்னிடம் கொடுக்கிறார் என்பதுபோல் பார்த்தார். ஆனாலும் போனார். மழையில் நின்று பார்ப்பார், வந்து வாசலில் நின்று சொல்வார். நாலு விரல் ஏறியிருக்கு. ரெண்டு விரல் ஏறியிருக்கு. ஏறியிருக்கு என்று கேட்டும் ஜனம் முன்போல் பதறவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். முதலையும் மேடு கரைவதும் பேச்சிலிருந்து போய்விட்டன.

அந்த அம்மாவின் உடல் வெள்ளம் வடிந்த பிறகு ஒரு ரப்பர் பால்மரத்தடியில் கிடைத்தது. தேடிக் கண்டுபிடித்துத் தூக்கி வந்தவர் முனியாண்டிதான். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், மூன்றாம் நாள் மத்தியானம் நடந்தது. அவர் வாசலில் வந்து நின்று வாய்க்குள்ளேயே என்னவோ சொன்னார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த செல்லம்மா, திரும்பாமலேயே பேசினாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. பின்னால இருக்கிறவங்களுக்கும் கேக்க வேணாமா?"

சம்பானில் வந்தவர்கள்

ஐந்தாம் நாள் மழை விட்டிருந்தது. சம்பான் படகு வருகிறது என்று யாரோ சொன்னார்கள். அரிசி வருகிறது என்று பிள்ளைகள் வாசலுக்கு ஓடின. பட்டாளத் தொப்பி தெரிந்ததும் அதே வேகத்தில் உள்ளே திரும்பி ஓடி வந்தன. ஜப்பான்காரர்கள் மூன்று பேர், மலாயில் பேச ஒரு சீனர். ஆண்களில் சிலர் பின்பக்கமாகக் காட்டுக்குள் ஓடினார்கள். சிலர் ஷீட்டுக் காயப்போடும் மூங்கில் பரண்மேல் ஏறிப் படுத்தார்கள். பெண்கள் என்னை இழுத்து நடுவில் உட்காரவைத்து, சுவரில் இருந்த புகைக்கரியைத் தேய்த்து என் முகத்தில் பூசினார்கள். ஒருத்தி தன் குழந்தையை என் மடியில் வைத்தாள். வெள்ளத்தில் நடந்தபோது பட்டது பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. என் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் அந்தக் குழந்தை, தாலாட்டுகிறேன் என்று நினைத்துத் தூங்கிவிட்டது.

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. ஆண்களை மட்டும் பார்த்தார்கள். கூலாய் ரோட்டுப் பாலம் உடைந்துவிட்டது, மூன்று நாள் வேலை என்று சீனர் சொன்னார். எட்டுப் பேரைக் குச்சியால் காட்டி எழுப்பினார்கள். மூன்று நாள் என்றதும் எல்லாருக்கும் அந்த மூன்று மாதம்தான் ஞாபகம் வந்திருக்கும். சம்பான் மரங்களுக்குள் மறைந்தபோது ஒருத்தி பல் கிட்டி விழுந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி விழுந்தாள். டிரசர் ஐயா கூட்டத்தை விலக்கி, ரவிக்கையைத் தளர்த்தி, முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். எனக்கு அதையும் செய்யத் தோன்றவில்லை. கரி பூசிய முகத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பெண்களைத் தேற்றியது வீராயிதான். எட்டுப் பேரின் வீட்டுக்காரிகளும் வாசலில் போய் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு மூட்டைக் கிழங்கை அவர்கள் நடுவில் கொட்டி, ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்து, உட்கார்ந்து உரிக்கச் சொன்னாள். தானும் உட்கார்ந்தாள். முதலில் ஒருத்தி, பிறகு இன்னொருத்தி என்று உட்கார்ந்தார்கள். உரித்துக்கொண்டே அழுதார்கள், அழுதுகொண்டே பேசினார்கள். பயந்தவர்களைத் தேற்றத் தெரிந்த ஆட்களைப் பற்றி நான் நினைக்கிறபோதெல்லாம், படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் நினைவுக்கு வந்தாலும், முதலில் நினைவுக்கு வருவது அவள்தான். போன நான்காம் நாள் எட்டுப் பேரும் திரும்பி வந்தார்கள், ஏழு பேர் நடந்தே. ஒருவருக்கு மட்டும் மரம் விழுந்து பாதம் நசுங்கியிருந்தது, அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் போன அன்று கிழங்கு உரிக்கும்போது வீராயி சொன்னது இது.

"அவங்க போன பக்கத்தையே பாக்காதீங்க. நான் பத்து மாசமாப் பாத்துட்டேன். கழுத்துதான் வலிக்குது."

மண்டோரின் பத்து அடி

தண்ணீர் வடிந்த பிறகுதான் கஷ்டமே என்று வெள்ளம் பார்த்தவர்கள் சொல்வார்கள். லயத்தில் முழங்கால் சேறு. கட்டிலுக்கடியில் பாம்பு. எல்லாவற்றிலும் அழுகிய நாற்றம். முதலில் யாரும் இறங்க மாட்டேன் என்றார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக இறங்கினார்கள். கொட்டகையிலேயே தங்கிவிட்ட ஆள் மண்டோர் ரங்கசாமி. சாமான்களுக்குக் காவல் இருக்கிறேன் என்றார். அங்கே காவல் காக்கிற மாதிரி ஒரு சாமானும் இல்லை, ஓட்டைச் சட்டி இரண்டு கிடந்தது.

இந்த மனிதரைக் கண்டு தோட்டமே நடுங்கும். பெரட்டுக்குத் தாமதமாக வந்தவர்களை எட்டி உதைத்தவர். ஒரு நாள் அவருக்குச் சிரங்குக்கு வேப்பிலை அரைத்துக் கொண்டுபோனபோது, சரிவில் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வேர்வை ஊற்றியது. ஒரு காலைக் கீழே வைப்பார், எடுத்துவிடுவார். உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். ஓடவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. வெள்ளத்தன்று ஆட்களைத் தோளில் சுமந்து ஏழு தடவை போய்வந்தாராம். ஏழாவது தடவை, திரும்பி வரும்போது வாய்க்காலில் முங்கிப்போய், எது மேல் எது கீழ் என்று தெரியாமல் கிடந்திருக்கிறார். அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஈர மண்ணில் கால் புதைந்தாலே மூச்சு நின்றுபோகிறது என்றார்.

என் சந்தோஷம் வெட்கமாகிவிட்டது. தினமும் சிரங்கு பார்க்கிற சாக்கில் போனேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொள்வார், பத்து அடி இறங்குவோம், ஏறிவிடுவோம். மறுநாள் இருபது. நடுவில் மழை பெய்த நாளில் ஒரு அடிகூட முடியவில்லை, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். லயத்துக்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. முதல் நாள் பத்தாவது அடியில் நின்றுகொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"பெரட்டுல யாருகிட்டயும் சொல்லிடாதீங்க மிசி. சொன்னாலும் சரி, நாளைக்கு மட்டும் வராம இருந்துடாதீங்க."

மூவார்க் கடுதாசி

வெள்ளத்துக்குப் பின்னால் காய்ச்சல் வந்தது. கொயினா இல்லாத காய்ச்சல் எப்படி இருக்கும் என்று இந்த வேலையில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது நாள் பிள்ளையாக வெள்ளத்தைப் பார்த்த அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. டிரசர் ஐயா வீடு வீடாகப் போவார். நெற்றியில் ஈரத்துணி போடுவார், கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவார், "பயப்பிடாதேங்கோ" என்பார். அதைச் சொல்வதற்கென்றே ஒரு குரல் வைத்திருந்தார். அந்தக் குரலைக் கேட்டால் எனக்குக்கூட நடுக்கம் குறையும்.

அவருடைய மனைவியும் இரண்டு மகள்களும் மூவார் என்ற ஆற்றங்கரை ஊரில் இருந்தார்கள். இதை நான் இதுவரை சொல்லவில்லை, அவரும் அந்த நாட்களில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எங்கள் சின்ன ஆறே இப்படி ஏறினால் மூவார் ஆறு எப்படி ஏறியிருக்கும்? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சாப்பிடாமல் இருந்ததையும், பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுவதையும், ஒரே புண்ணுக்குப் போட்ட கட்டை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டுவதையும் பார்த்தேன். வயதாகிறது என்று நினைத்தேன். ஊர் முகத்தையெல்லாம் படிக்கிற வேலையில் இருந்தேன், பக்கத்தில் நின்ற முகத்தைப் படிக்கவில்லை.

வெள்ளம் வடிந்து ஒரு மாதத்துக்குமேல் ஆகியிருக்கும், பொந்தியான் பக்கமிருந்து கருவாடு கொண்டுவருகிற ஒரு சீனர், கை மாறிக் கை மாறி வந்த ஒரு கடுதாசியைக் கொண்டுவந்து கொடுத்தார். டிரசர் ஐயா அதைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டி, நீர் படியும் என்றார். சன்னல் உயரத்துக்குத் தண்ணீர் வந்ததாகவும், பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் வீட்டு மாடியில் இருந்ததாகவும், மூன்று பேரும் சுகம் என்றும், பெரியவளுக்கு மட்டும் மழை பெய்தால் தூக்கம் வருவதில்லை என்றும் மனைவி எழுதியிருந்தார். படித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஏன் ஐயா என்னிடமாவது சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஊரெல்லாம் பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லித் திரிஞ்சன் பிள்ளை. எனக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் வேணும் எண்டு கேக்கத்தான் பயமாக் கிடந்தது."

அதற்குப் பிறகு முப்பது வருஷம் மிசியாக இருந்து, பயந்த முகத்துக்குப் பழகாவிட்டாலும் அதைக் கண்டு நான் பயப்படாமல் இருக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன், இடுப்பளவு தண்ணீரில் இறங்கச் சொன்னால் மட்டும் இப்போதும் உங்களில் யாராவது முதலில் இறங்குங்கள் என்றுதான் சொல்வேன்.